பதினேழாவது ரவை

நான் செய்கிற ஒவ்வொரு ரவையும் என் மனைவியின் வலது கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கும். எட்டு வருடமாக இதுதான் எங்கள் ஏற்பாடாக இருந்தது. நான் வீட்டில் இருந்து செய்வேன், அவள் மைதானத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு சுடுவாள். அந்த ஒரு சாண் தூரத்தை மட்டும் நான் ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் அளந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது பெரும்பாடு. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, சுவிஸில் பதினொரு வருடம் இருந்து, பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து, குட்மேய்ஸில் வீடு வாங்கின ஒருவன், பொலிசுக்கு விண்ணப்பம் போட்டு லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வாங்குகிறான். சனிக்கிழமைகளில் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போய்க் கடதாசியைச் சுடுகிறான். கலியாண வீடுகளில் என் மைத்துனர் இதை வைத்தே பந்தியைச் சிரிக்க வைப்பார். "அத்தானுக்கு அங்க கேட்ட சத்தம் காணாதாம், இஞ்ச காசு குடுத்துக் கேக்கிறார்" என்பார். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரிச்சல்தான்.

சுவிஸில் நான் பல்லுக்கு மூடி செய்கிற லேப் ஒன்றில் வேலை பழகினேன். அந்த ஊரில் இலையுதிர் காலத்தில் மேசன், பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் கூடிக் குறி பார்த்துச் சுடுவார்கள். கூட வேலை செய்தவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெடிச் சத்தம் கேட்டு நான் ஓடாமல் படுத்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நடுங்கினேன். ஆனால் இந்தமுறை எப்போது வெடிக்கும் என்பதை நான்தான் தீர்மானித்தேன். அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. லண்டனுக்கு வந்தும் விடவில்லை. சரே மாவட்டப் பக்கம் ஒரு மைதானமும், அங்கே சுடுகிற ஒரு கழகமும் தேடிப் பிடித்தேன்.

மனைவி மன்னார்க்காரி, வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில், மற்ற நாள் பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை, சனிக்கிழமை மட்டும் ஓய்வு. முதலில் பிளாஸ்கும் தேத்தண்ணியுமாகக் காருக்குள் இருக்கத்தான் வந்தாள். ஒரு நாள் கழகத்து வெள்ளைக்காரி ஒருத்தி பாயை விரித்து, "நீயும் சுட்டுப் பார்" என்று படுக்க வைத்தாள். பத்து வெடி. நான் மூன்று வருடம் பழகிச் சுட்டதைவிட அவள் சுட்டது நெருக்கமாக விழுந்திருந்தது. ஒரு மாதம் எனக்கு மூஞ்சி சரியில்லை. பிறகு சுடுகிறதை அவளுக்கு விட்டுக்கொடுத்து, ரவை செய்கிறதை நான் எடுத்துக்கொண்டேன். சுடுகிறது யாரும் சுடலாம், ரவையைச் செய்கிறவன்தான் ஆள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணத்தைத்தான் எட்டு வருடம் நான் ஊதி ஊதி வளர்த்தேன்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடையில் ரவை வாங்கலாம். ஆனால் ஒன்றுக்கு ஒன்று சிறு வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம் அறுநூறு யார்டு தூரம் போய்ச் சேரும்போது ஒரு முழமாகிவிடும். அதனால் பொறுமை உள்ளவர்கள் தாங்களே செய்வார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைக் கழுவி, பழைய அளவுக்கு அமர்த்தி, நீளத்தை வெட்டி, அடியில் பொறி கொடுக்கிற பிரைமரை அழுத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை, அதாவது பறந்து போகிற குண்டை, இருத்த வேண்டும். மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கூட்டி வெவ்வேறு அளவில் சில ரவைகள் செய்து சுட்டுப் பார்த்தால், ஓர் அளவில் குண்டுகள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து விழும். அந்த அளவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுக் கோடைகாலம் எடுத்தது. கண்டுபிடித்த பிறகு அதைவிட்டு ஒரு துளிகூட விலகக்கூடாது. குறைந்தால் குறி தவறும். கூடினால் துவக்கே தாங்காது.

எங்கள் வீட்டின் சின்ன அறை முழுக்க இதற்குத்தான். துவக்கு இரும்பு அலுமாரிக்குள், மருந்து மரப்பெட்டிக்குள், மேசையில் அழுத்துகிற கருவி, அதன் பக்கத்தில் தராசு. மின்சாரத் தராசு இல்லை, கையால் சமன் பார்க்கிற பழைய கோல் தராசு. ஒரு பக்கம் சின்னப் பித்தளைத் தட்டுத் தொங்கும். அந்தத் தராசைப் பற்றிக் கழகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஒரு பிரசங்கமே செய்வேன். பத்து ரவைக்கு ஒருக்கால் படிக்கல்லை வைத்துச் சரிபார், வேறு ஒருவர் செய்த ரவையை உன் துவக்கில் போடாதே, துவக்கைப் பின்னால் மூடுகிற போல்ட், அந்தப் பின்னடைப்பு, இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்து. இந்த மூன்றையும் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும்.

மேசைக்கு மேலே சரஸ்வதி படம். மனைவியின் மாதா சொரூபம் கீழே முன் அறையில். இரண்டு பேருக்கும் இதுவரை சச்சரவு வந்ததில்லை. நவராத்திரி முடிவில் ஆயுதங்களை வைத்துப் பூசை செய்வதை நான் எந்த நாட்டிலும் விட்டதில்லை. சுவிஸில் பல் கடைகிற மெசினுக்கே பொட்டு வைத்தவன் நான். ஆனால் மருந்து இருக்கிற அறையில் விளக்கும் கற்பூரமும் எப்படிக் கொளுத்துவது? அதனால் என் பூசையில் நெருப்பே கிடையாது. பூ, பழம், சந்தனம், குங்குமம் மட்டும். இவ்வளவு யோசிக்கிற ஆள் நான் என்று எனக்கு என்மேல் பெருமையாகவும் இருந்தது.

அந்த வருடம் விஜயதசமி அன்று லீவு போட்டேன். நல்ல நாளில் தொடங்கின வேலை நன்றாக வரும் என்று, கழகத்தின் இலையுதிர்காலப் போட்டிக்கு மனைவி பழகுவதற்கான இருபத்தைந்து ரவைகளை அன்று செய்வதாக முடிவு. சந்தனப் பொடியைப் பன்னீரில் குழைத்து, அழுத்துகிற கருவியின் பிடியில் ஒரு பொட்டு, அச்சுப் பெட்டியில் ஒரு பொட்டு, அளவுகோலில் ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டு வந்தேன். தராசில் தட்டுத்தானே முக்கியம். மேற்பக்கம் வைத்தால் மருந்து ஒட்டிக்கொள்ளும் என்று யோசித்து, தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தில் பெருவிரலால் நல்ல தடிப்பமாக ஒரு பொட்டு வைத்தேன். கும்பிட்டேன். பிறகு தட்டைக் கொளுவி, சந்தனத்தின் பாரத்தையும் சேர்த்துத் திருகாணியைத் திருப்பித் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் நின்றது.

குளிர் நாள். சின்ன ஹீட்டரைக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து செய்தேன். ஒவ்வொரு கோதிலும் வரிசை எண் எழுதி, அதே வரிசையில் பெட்டியில் அடுக்கினேன். நடுவில் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கவில்லை. ஏன் என்று பிறகு பலர் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், பூசையில் இருந்து இறங்கின தராசு, இன்றைக்கு என்ன பிழைக்கப்போகிறது என்று நினைத்தேன்.

வந்த சனிக்கிழமை மைதானத்தில் காற்றே இல்லை. இப்படி ஒரு நாள் கிடைப்பது அரிது. மனைவி பாயில் படுத்து, தோல் வாரைக் கையில் இறுக்கி, கன்னத்தைத் துவக்கின் மரக்கட்டையில் வைத்தாள். நான் பக்கத்தில் முழந்தாளில் இருந்தேன். இப்போதெல்லாம் குண்டு எங்கே விழுகிறது என்பதைக் காட்ட ஒரு சின்னத் திரை பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு புள்ளி வரும். நான் அதைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பேன்.

முதல் பத்தும் ஒரு தேத்தண்ணிச் சோசருக்குள் அடங்கின. இத்தனை வருடத்தில் அப்படி விழுந்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் சுட்டாள் என்று நான் நினைக்கவில்லை, நான் செய்த ரவை என்றே நினைத்தேன்.

பதினொன்று கொஞ்சம் மேலே. பன்னிரண்டு அதற்கும் மேலே. பதின்மூன்று சோசரை விட்டே போய்விட்டது.

"மேல தூக்கிறீர்" என்றேன். "மூச்சை விட்டுப்போட்டு அழுத்தும்."

"நான் தூக்கேல்லயப்பா. துவக்கு கூட உதைக்குது."

"உமக்குக் களை. கொஞ்சம் பொறுத்துச் சுடும்."

அவள் பொறுத்தாள். பதினான்கும் பதினைந்தும் இன்னும் மேலே. நான் கொப்பியில் எழுதினேன். பதினாறு சுட்டுவிட்டுப் பின்னடைப்பை இழுத்தவள், அது வராமல் உள்ளங்கையால் தட்டித் திறந்தாள்.

"போல்ட் இறுகுது" என்றாள்.

"எண்ணெய் போட்டனீரே?"

"ஓம், போட்டனான்."

"அப்ப தூசாக்கும். மற்றதைப் போடும்."

அவள் தலையைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்தாள். "நீங்கள் சொன்னாச் சரி" என்று பதினேழாவதை எடுத்துப் போட்டாள். சுட்டு விழுந்த கோதுகள் என் முழந்தாளுக்குப் பக்கத்தில்தான் கிடந்தன. ஒன்றைக் குனிந்து எடுத்துப் பார்த்திருந்தால் போதும். மருந்து கூடினதில் பிரைமர் நசுங்கித் தட்டையாகி இருந்ததைக் குருடனும் தடவிக் கண்டிருப்பான். நான் எடுக்கவில்லை. மற்றவர்களுக்கு நான் செய்கிற பிரசங்கம் எனக்கு நினைவு வரவில்லை. அவள் நடுங்குகிறாள் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. வெடி முன்னால் போகாமல் பக்கத்தில் நின்றது. துவக்கின் பின்புறத்தால் புகை வந்தது.

அடுத்த கணம் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். நான் மனைவியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தேன். பதினேழாவது புள்ளி எங்கே என்று தேடினேன்.

அவள் கத்தவில்லை. கையை விசையிலிருந்து எடுத்தாள். குழல் குறிப் பக்கமே இருக்கும்படி துவக்கைப் பாயில் மெதுவாக வைத்தாள். பழக்கிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி, உள்ளங்கையால் கண்ணைப் பொத்தினாள். விரல்களுக்குள்ளால் இரத்தம் வந்தது.

"இஞ்ச பாருங்கோ" என்றாள் மெல்லிய குரலில். "கண் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

நான் பார்க்கவில்லை. என்னால் ஏலவில்லை. மைதானப் பொறுப்பாளர் எல்லாரையும் நிறுத்தச் சொல்லி ஓடி வந்து, அவள் கையை விலக்கிப் பார்த்து, "கண் இருக்கிறது, கண் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார். அதை அவர் அவளுக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியாது. நான் கொப்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

லண்டனுக்குள் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆறு மணித்தியாலம். கன்னத்தில் இருந்து பித்தளைத் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சுடும்போது போடுகிற கண்ணாடிதான் பெரும்பாலானதை வாங்கிக்கொண்டது என்று இளம் டொக்டர் சொன்னாள். வில்லை முழுக்கக் கொத்துப்பட்டிருந்தது. ஆனால் அடிபட்டதில் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, கண்ணின் பின்பக்கம் தெரியவில்லை, பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இன்றைக்குச் சொல்ல ஏலாது, எட்டு நாள் கழித்து வாருங்கள், அதுவரை தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்றாள். மனைவி இருந்தபடியே நித்திரை கொள்ள வேண்டும் என்பதால், கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு நாலு தலையணை வைத்தேன். அந்த எட்டு நாளும் அவள் சாமிக்கு நேர்த்தி வைக்கவில்லை, அழவுமில்லை. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது தாங்கமுடியவில்லை.

அதற்குள்ளும் என் புத்தி எங்கே போனது என்றால், மருந்து செய்த கொம்பனிக்குக் கடிதம் எழுதுவதில். கலவை பிழை, விடமாட்டேன் என்று மனதுக்குள் பத்தி பத்தியாக எழுதினேன். ஆளைக் கொல்லப் பார்த்தார்கள் என்று ஒரு வரி. வழக்குப் போடுவேன் என்று ஒரு வரி.

திங்கட்கிழமை கழகத்துச் செயலாளர் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பொறியியலாளர், அதிகம் பேசாதவர். சுடாமல் மிஞ்சின எட்டு ரவைகளையும் என் முன்னாலேயே கழற்றி, உள்ளே இருந்த மருந்தைக் கழகத்துத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று வரிசையாக. எட்டிலும் அளவு கூட. அது மட்டுமில்லை, ஒவ்வொன்றும் அதற்கு முதல் செய்ததைவிடக் கொஞ்சம் கூட. படிப்படியாக ஏறிக்கொண்டே போனது.

"மருந்தில் பிழை இருந்தால் இப்படி ஏறாது" என்றார் அவர். "வீட்டுக்குப் போய் உன் தராசைப் பார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தராசில் பிழை வராது என்று அந்த வயதுபோன மனிதரோடு சத்தமாகவே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கழற்றின மருந்தை ஒரு பேணிக்குள் போட்டு மூடினார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறினேன். தராசைச் சமன் பார்த்தேன். கோல் சுழியத்தில் நிற்கவில்லை. தட்டு மேலே எழும்பி நின்றது. பூசையன்று மயிரிழை பிசகாமல் நின்ற தராசு. தட்டில் இருந்து ஏதோ பாரம் எங்கேயோ போயிருக்கிறது. என்னத்தைப் போக விட்டேன் என்று யோசித்தபடி தட்டைக் கழற்றித் திருப்பினேன்.

சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. தடிப்பமாக நான் வைத்த ஈரப் பொட்டு வெறும் தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு உதிர்ந்தும் போயிருந்தது.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். ஈரச் சந்தனத்தோடு சுழியம் வைத்தேன். கால்மாட்டில் ஹீட்டர். சந்தனம் காயக் காயத் தட்டுப் பாரம் குறைந்தது. குறைந்த பாரத்தை, சமன் பார்க்கிறேன் என்று நானே என் கையால் மருந்தைப் போட்டு நிரப்பினேன். முதல் பத்தும் கிட்டத்தட்டச் சரி. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை. நெருப்புக்குப் பயந்து விளக்கைக் கொளுத்தாதவன் தண்ணீரைப் பற்றி நினைக்கவே இல்லை. பல் லேபில் பசை காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். தட்டை மேசைக்காலில் ஓங்கி அடித்தேன். கீழேயிருந்து அவள், "என்னப்பா அது?" என்று கேட்டாள்.

தட்டைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்துச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பூசை, பொட்டு, ஹீட்டர், சரிபார்க்காமல் விட்டது, எல்லாம். அவள் தட்டை நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பேசுவாள், ஏசுவாள், வேதக்காரி என்பதால் ஏதாவது குத்தலாகவாவது சொல்லுவாள் என்று நின்றேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"சந்தனம் காயத்தானேயப்பா செய்யும்" என்றாள். "அதுக்கு நான் என்ன சொல்ல? ஆருக்கும் மறதி வரும்." தட்டைத் திருப்பித் தந்தாள். "நான் சொன்னனான், துவக்கு கூட உதைக்குது எண்டு. பிறகு போல்ட் இறுகுது எண்டும் சொன்னனான். என்ர தோளிலதானே அது இடிச்சது? உங்கட தோளிலயோ?"

நான் தட்டைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"கொப்பியில என்ன எழுதினீங்கள்?"

"அது இப்ப ஏன்?"

"எடுத்து வாசியுங்கோ."

எடுத்து வந்து வாசித்தேன். பதினொன்று, சற்று மேல். பன்னிரண்டு, மேல், சுட்டவர் பிழை. பதின்மூன்று, சுட்டவர் பிழை. பதினான்கு, பதினைந்து, பதினாறு, சுட்டவர் பிழை. பதினாறுக்குப் பக்கத்தில் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். என் அழகான கையெழுத்து. வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே ஆரோ ஒருவருடைய குரலாகக் கேட்டது.

"முந்தின பக்கங்களிலயும் அப்பிடித்தானோ?" என்று கேட்டாள்.

புரட்டினேன். அப்படித்தான். போன மாதம், போன வருடம், அதற்கு முந்தின வருடம். குண்டு விலகிய இடமெல்லாம் சுட்டவர் பிழை. காற்றின் பிழை என்று சில இடத்தில் இருந்தது. ரவையின் பிழை என்று ஓரிடத்திலும் இல்லை. எட்டு வருடத்தில் ஒரு தரமாவது நான் பிழைவிட்டிருக்க மாட்டேனா? எத்தனை நாள் அவள் சரியாகச் சுட்டும் பிழை என்று கேட்டுக்கொண்டு காருக்குள் ஏறினாளோ, அதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த பயம், மைதானத்தில் இரத்தத்தைக் கண்டபோது வந்த பயத்தைவிடப் பெரிது. அதை நான் அவளிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "தேத்தண்ணி போடுங்கோ" என்றாள்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணின் கட்டை அவிழ்த்து, எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கடைசிக்கு முந்தின வரியில் நின்றாள். பின்பக்கம் தப்பிவிட்டது, இன்னும் தெளியும் என்றாள் டொக்டர். நான் நடைபாதையில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கன்னத்தில் மட்டும் நாலைந்து கரும்புள்ளிகள் தோலுக்கு அடியில் நின்றுவிட்டன. அவை போகாது என்றார்கள்.

துவக்கைத் துவக்குத் திருத்துகிறவரிடம் கொடுத்துப் பின்னடைப்பைப் புதிதாக மாற்றினோம். கழகத்தில் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தேன், சந்தனம் உட்பட. செயலாளர் அதை வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். துவக்கை விற்றுவிடுவோம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"இனி ரவையை நான் செய்யிறன்" என்றாள். "நீங்கள் சுடுங்கோ."

அவளுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எட்டு வருடமாகக் கதவு வாசலில் நின்று பார்த்திருக்கிறாள், நான்தான் அவள் நிற்பதைக் கவனித்ததில்லை. சின்ன அறைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்தாள். நான் படிக்கட்டில் இருந்தேன். ஐந்து ரவைக்கு ஒருக்கால் படிக்கல் தட்டில் விழுகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

வெயில் வந்த முதல் சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம். நான் பாயில் படுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. கன்னத்தைக் கட்டையில் வைத்தபோதுதான் அது எவ்வளவு கிட்ட என்று கண்டேன். என் கண்ணுக்கு முன்னால், கையை நீட்டக்கூடத் தேவையில்லாத தூரத்தில், அந்த இரும்பு. உள்ளே இன்னொருவர் நிறுத்துப் போட்ட மருந்து. இப்படியா எட்டு வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒரு வார்த்தை கேட்காமல் இவள் கன்னத்தை இங்கே வைத்தாள்? எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது.

"எல்லாம் சரியோ?" என்று கேட்டேன்.

"சரி எண்டுதான் நினைக்கிறன்" என்றாள். "பிழையெண்டா நீங்கள் சொல்லுங்கோ, நிப்பாட்டுவம்."

விசையை அழுத்தினேன். வெடித்தது. குண்டு எங்கே விழுந்ததென்று கேட்க வாயெடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் திரைப் பக்கம் பார்க்கவே இல்லை. கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி உதைச்சது?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். சொல்லிப் பழக்கமில்லாததால் வார்த்தை வர நேரம் எடுத்தது. தோள் எலும்பில் நேராக இடித்தது, பின்னடைப்பு இலேசாகத் திறந்தது, ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

அவள் மூன்றையும், நான் சொன்ன சொல்லிலேயே, எழுதிக்கொண்டாள்.